முனிர்காவில் ஒரு வரைபடக் கடை: கடல் அனுமதிக்கு ஃபைல் போடுகிறவர்களுக்காக

தில்லிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கடலில் காற்றாலை வைக்க இடம் அளந்து சொல்லும் ஒரு சின்ன சர்வே கம்பெனியில் வேலை. அனுமதி விண்ணப்பங்களைத் தயார் செய்து அமைச்சகம் அமைச்சகமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. சொந்த ஊர் தூத்துக்குடி, அளக்கப்போவதும் அந்தப் பக்கத்துக் கடல்தான். இதே வேலையில் இருந்துகொண்டு நல்ல பிளாட்டர் (பெரிய வரைபடத் தாள் அச்சடிக்கும் இயந்திரம்) கடை தேடுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

கடை முனிர்கா கிராமத்துச் சந்துக்குள், முதல் மாடியில் இருக்கிறது. மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முன்பு சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி.

கடலில் காற்றை அளக்க ஒரு மிதவை போடுவதற்கே எத்தனை கதவு தட்ட வேண்டும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாதுகாப்பு, வெளியுறவு, உள்துறை, சுற்றுச்சூழல் எல்லாம் உண்டு. கப்பல் பாதையில் வருகிறதா, எண்ணெய் வயலில் வருகிறதா, கடலடி கேபிள் ஓடுகிறதா என்று தனித்தனித் துறைகள் பார்க்கும். விண்வெளித் துறையும் பார்க்கும். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: அந்தப் புள்ளி எங்கே?

எங்கள் முதல் ஃபைல் ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் கிடந்து, 'இட விவரம் பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. விண்ணப்பத்தில் வடக்கு 8 டிகிரி 24 நிமிடம் 30 விநாடி என்று சரியாக இருந்தது. வேறொரு கடையில் போட்ட வரைபடத்தில் அதையே 8.2430 என்று அடித்திருந்தார்கள். தசமத்தில் அது 8.4083 என்று வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே கடலில் 18 கிலோமீட்டருக்கு மேல். அதைச் சொல்ல நான்கு மாதம் எதற்கு என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கியிருக்கும்போது மிதவையை இறக்கிவிட வேண்டும். தென்மேற்குக் காற்று ஏறிவிட்டால் எங்களிடம் இருக்கும் படகை வைத்துக்கொண்டு நங்கூரம் போட முடியாது. அதனால் போனது நான்கு மாதம் இல்லை, ஒரு முழு வருஷம்.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சியிடம் போனேன். நாம் கொண்டுபோகும் ஃபைலை அவர் அப்படியே அடித்துத் தருவதில்லை. புள்ளிகளைத் தனித்தாளில் எழுதித் தரச் சொல்லி, தானே கணினியில் ஏற்றுகிறார். டேராடூனிலிருந்து கடற்படையின் நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடத்தை நாம் வாங்கிக்கொண்டு போனால், அதை மேசையில் விரித்து டிவைடரால் அளந்து பார்க்கிறார். பக்கவாட்டு ஓரத்து அட்சரேகை அளவுகோலில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல்மைல், 1852 மீட்டர். இரண்டாவது ஃபைலிலும் ஒரு தவறைப் பிடித்தார். "தங்கச்சி, மூணாம் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கு, படத்துல வேற இடத்துல நிக்கி. எது நெசம்?" என்றார். அன்று அவர் கேட்காமல் இருந்திருந்தால் இன்னொரு சுற்று போயிருக்கும்.

ஆனால் நான் இந்தக் கடையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு காரணத்துக்காக. மணப்பாடு பக்கத்தில் மீனவர்களோடு கூட்டம் போடுவதற்கு முன், எல்லாமே தமிழில் இருக்கிற ஒரு பெரிய படம் கேட்டேன். ஆழத்தை மீட்டரில் போட்டால் அங்கே யாருக்கு ஆகும் என்று கேட்டு, மீனவர்கள் ஆழம் சொல்லும் 'பாகம்' கணக்கில் மாற்றிக் கொடுத்தார். ஊர்ப் பெயர்கள், கோயில் கோபுரம், கலங்கரை விளக்கம் என்று கரையைப் பார்த்து இடம் கணிக்கிற அடையாளங்களையும் சேர்த்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர் அந்தப் படத்தில் விரலை வைத்து, "இது பாருக்கு மேலல்லா நிக்கி, கெழக்க தள்ளிப் போடுங்க" என்றார். பார் என்றால் மீன் அடைகிற பாறைத்தளம், வலை விரிக்கிற இடம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே புள்ளியைத் தள்ளிவிட்டோம். இந்தச் சம்மதத்துக்குச் செலவாகும் நாட்களைத் தாமதம் என்று நான் கணக்கிடமாட்டேன்.

மேலே நடக்கிற தாமதத்துக்கு எந்த வரைபடமும் மருந்தில்லை, அது தெரியும். கடல் காற்றாலைக் கொள்கை 2015 அக்டோபரில் வந்தது. 2022க்குள் 5 கிகாவாட், 2030க்குள் 30 கிகாவாட் என்று 2018இல் இலக்கு சொன்னார்கள். குத்தகை விதிகள் வந்ததே 2023 டிசம்பரில்தான். தமிழ்நாட்டுக் கடலுக்கென்று 2024 பிப்ரவரியில் வந்த 4 கிகாவாட் டெண்டரும் ரத்தாகிவிட்டது. நம் கடலில் இன்னும் ஒரு காற்றாலைகூட நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023இல் கடல் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கக் கெடு வைத்துவிட்டார்கள்: இதற்கென்று ஒதுக்கிய பகுதிகளில் 2 வருஷம், மற்ற இடங்களில் 3 வருஷம். அப்படி ஒரு தேதியைச் சொல்லிவிட்டால், படகும் ஆளும் எப்போது வேண்டும் என்று நானும் திட்டம் போட்டுவிடுவேன்.

சரி, கடைக்கு வருகிறேன். குறைகளும் உண்டு. பிளாட்டர் ஒன்றே ஒன்றுதான். மே மாதம் கல்லூரிப் பிள்ளைகள் பிராஜெக்ட் தாள்களோடு வரிசையில் நிற்பார்கள், ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகும். பைண்டிங் சுமார்தான், கனமான ஃபைலை வேறு இடத்தில் போடுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கான 1:4000 வரைபடம் இங்கே கிடைக்காது. அதை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள்தான் தயாரிக்க முடியும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்தைக் கேளுங்கள்.

பெரிய வண்ணத்தாள் ஒன்றுக்கு என்னிடம் 300 ரூபாய் வாங்கினார். சரிபார்க்கிறதற்குத் தனியாக எதுவும் கேட்டதில்லை. நானாகக் கேட்டுக் கொடுத்தபோதும் வாங்கவில்லை. ஞாயிறு விடுமுறை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தெளிவு போய்விடும். பென்டிரைவில் கொண்டுபோங்கள். புள்ளிகளை டிகிரி, நிமிடம், விநாடி என்று ஒரு தாளிலும், தசமத்தில் இன்னொரு தாளிலும் எழுதிக்கொண்டு போங்கள். படியேறியதும் அவர் முதலில் கேட்பது அந்த இரண்டு தாள்களைத்தான்.