கிரிட்விக்கன்: பென்குவினுக்காக மட்டும் போகாதீர்கள்

கிரிட்விக்கன் இருப்பது தென் அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவில். அங்கே விமானமே கிடையாது, கப்பல்தான். அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவில் ஏறி, ஃபாக்லாந்து தீவுகள் வழியாக, நாள் கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்துதான் போய்ச் சேர்ந்தேன்.

வெளியிலிருந்து விதையோ உயிரினமோ தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று இறங்குவதற்கு முன்பே சோதனை ஆரம்பம். பூட்ஸ் அடி, பை ஜிப், ஜாக்கெட் வெல்க்ரோ எதையும் விடுவதில்லை. என் வெல்க்ரோவில் ஒரே ஒரு புல் விதை ஒட்டியிருந்தது, அதை இடுக்கியால் பிடுங்கிய பிறகுதான் விட்டார்கள். எரிச்சல்தான், ஆனால் கப்பல்களில் வந்த எலிகளை ஒழித்து 2018இல்தான் தீவில் எலி இல்லை என்று அறிவிக்க முடிந்தது என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

ஊர் என்றால் துருப்பிடித்த எண்ணெய்த் தொட்டிகள், கொதிகலன்கள், நடுவே குறட்டை விடும் யானைச் சீல்கள் என்ற பெரிய கடல் விலங்குகள். 1904இல் நார்வேக்காரர் கார்ல் ஆன்டன் லார்சன் தொடங்கிய திமிங்கல ஆலை இது. ஆரம்பத்தில் கொழுப்பை மட்டும் உரித்துக்கொண்டு மிச்சத்தைக் கடலில் தள்ளினார்களாம், அப்புறம்தான் இறைச்சி, எலும்பு எல்லாவற்றையும் வேகவைத்து எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். தீவு முழுக்கச் சேர்த்து 1,75,000 திமிங்கலங்களுக்கு மேல் கொன்றார்கள் என்கிறார்கள். அந்த எண் எனக்கு உறைக்கவே இல்லை. கரையில் நிற்கும் பெட்ரல் என்ற வேட்டைக் கப்பலின் முனையில் திமிங்கலத்தின் மேல் ஈட்டியைச் சுடும் பீரங்கி இருக்கிறது, கப்பலை ஓட்டுபவர் நிற்கும் இடத்திலிருந்து நேராக அதற்கு ஓடிப்போக ஒரு நடைபாலம். யாரோ உட்கார்ந்து யோசித்து, நேரத்தை மிச்சப்படுத்தக் கட்டியது. அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அண்டார்டிகா பயணங்களுக்குப் பேர்போன ஷாக்கிள்டனின் கல்லறைக்கு எல்லோரும் ஓடுகிறார்கள். விஸ்கி ஊற்றுவது, போட்டோ எடுப்பது, சரி, பத்து நிமிடம் போதும். அருங்காட்சியகம்தான் உண்மையில் நேரம் கேட்கிறது, ஆலை மேலாளரின் பழைய வீட்டில் இருக்கிறது. 1913இல் திறந்த மரத் தேவாலயத்தையும் விடாதீர்கள்.

குறை என்றால் என்னைக் கூட்டிப்போன பயண நிறுவனம்தான். மொத்தமே மூன்று மணி நேரம், அதிலும் பாதி கல்லறையில் சொற்பொழிவு! பதிவு செய்யும்போதே கிரிட்விக்கனில் எவ்வளவு நேரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தபால் நிலையத்துக்குப் போக எனக்கு நேரமே கிடைக்கவில்லை, வாங்கி வைத்த அஞ்சலட்டை இன்னும் பையிலேயே கிடக்கிறது.