மேரோ தோட்டத்திலிருந்து திரும்பிய துப்பறிவாளர்: ‘ரோஜர் அக்ராய்டு கொலை’ ஒலிநூலோடு நான்கு ஆண்டுகள்

அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோ உண்மையில் இரண்டு முறை ஓய்வு பெற்றவர். 1920-இல் வெளிவந்த முதல் நாவலிலேயே அவர் பெல்ஜியக் காவல்துறையில் பணி முடித்து, முதல் உலகப் போரின் அகதியாக இங்கிலாந்துக்கு வந்தவராகத்தான் அறிமுகமாகிறார். 1926-இல் அகதா கிறிஸ்டி வெளியிட்ட ‘ரோஜர் அக்ராய்டு கொலை’யிலோ, துப்பறியும் தொழிலையும் உதறிவிட்டு, கிங்ஸ் அபாட் என்னும் கற்பனைக் கிராமத்தில் பூசணி இனத்து மேரோ காய்களைப் பயிரிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஓய்வு எப்படிக் கலைகிறது என்பதிலிருந்து தொடங்கும் இந்நாவலை, ஹியூ ஃபிரேசர் வாசித்த ஏறத்தாழ ஏழு மணிநேர ஒலிநூலாக, நான்கு ஆண்டுகளில் மூன்று முறை முழுமையாகக் கேட்டிருக்கிறேன். என் வற்புறுத்தலால் அக்கா, அலுவலகத் தோழி ஒருவர், அண்மையில் பணி ஓய்வு பெற்ற மாமா ஆகியோரும் கேட்டார்கள். அவர்கள் சொன்னவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். கொலையாளி யார் என்பதை மட்டும் எழுதப்போவதில்லை.

ஃபிரேசரின் குரலை முதலில் சொல்ல வேண்டும். 1989-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில், டேவிட் சூஷே புவாரோவாக நடித்தபோது, அவருடைய நண்பர் கேப்டன் ஹேஸ்டிங்ஸாக நடித்தவர் இவர். ஆனால் இந்த நாவலில் ஹேஸ்டிங்ஸ் இல்லை; அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்தில் அமர்ந்து கதை சொல்பவர் உள்ளூர் மருத்துவரான ஷெப்பர்டு. ஆக, இல்லாமற்போன நண்பரின் குரலே புதிய நண்பரின் கதையைச் சொல்கிறது. தொடரைப் பல முறை பார்த்திருந்த அக்காவுக்கு முதல் அத்தியாயம் முடிவதற்குள் பழைய வீட்டுக்குள் நுழைந்த நிம்மதி வந்துவிட்டதாம். தொடரைப் பார்த்தே இராத தோழிக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

துப்பறிவாளர் கதைக்குள் நுழையும் காட்சியைத்தான் நான் அதிகம் திரும்பக் கேட்டிருக்கிறேன். மருத்துவர் தம் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி ஒரு மேரோ காய் பறந்து வந்து விழுகிறது. பின்னாலேயே ஒரு முட்டைத் தலையும் பெரிய மீசையும் எட்டிப் பார்த்து மன்னிப்புக் கேட்கின்றன. அந்த மீசையை வைத்தே, வந்தவர் ஓய்வு பெற்ற முடிதிருத்துநராகத்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவர் முன்பே முடிவுகட்டியிருப்பார். ஃபிரேசர் இதைச் சிரிப்புக்காக இழுக்காமல், மருத்துவரின் வறண்ட நிதானத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறார். அதனால்தான் சிரிப்பு வருகிறது. அதன்பின், ஓய்வை அடைவதற்காகவே உழைத்த மனிதன், அது கிடைத்ததும் பழைய பரபரப்பான நாள்களுக்காக ஏங்குவதைப் பற்றிப் புவாரோ பேசுகிறார். முதல் முறை கேட்டபோது அது என் காதில் விழுந்ததாகவே நினைவில்லை. மாமாவோ அந்த இரண்டு நிமிடங்களை மட்டும் நான்கைந்து முறை போட்டுக் கேட்டுவிட்டு, கொலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இந்த ஆள் எத்தனை வயதில் ஓய்வு பெற்றார் என்று என்னிடம் விசாரித்தார்.

புவாரோவின் பிரெஞ்சுச் சாயல் கொண்ட ஆங்கிலம் சற்று மிகை என்பது தோழியின் குறை. எனக்கு அது உறுத்தவில்லை. சூஷேயின் நிழல் அதில் விழுந்தாலும் நகலாக மாறவில்லை.

ஃபிரேசரின் திறமை முழுவதும் வெளிப்படுவது மருத்துவரின் அக்கா கரோலினிடம்தான். வீட்டை விட்டு நகராமலே, வேலைக்காரர்களின் வழியாகவும் பால்காரரின் வழியாகவும் ஊர்ச் செய்தி அனைத்தையும் திரட்டிவிடும் இந்தப் பெண்மணி மீது கிறிஸ்டிக்கே தனிப் பிரியம் இருந்தது. 1928-இல் இந்நாவல் மேடையேறியபோது கரோலினை எடுத்துவிட்டு ஓர் இளம்பெண்ணை அங்கே வைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மற்றொரு புகழ்பெற்ற துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிள் என்னும் மூதாட்டி உருவானதற்குக் கரோலின் மீதிருந்த அந்தப் பிரியமும் காரணமாக இருக்கலாம் என்று தம் தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். பெண் பாத்திரம் என்றவுடன் குரலைக் கீச்சிட வைக்கும் ஆண் வாசிப்பாளர்கள் உண்டு. ஃபிரேசர் குரலை அதிகம் உயர்த்தாமல் பேச்சின் வேகத்தை மாற்றுகிறார். தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

குறைகளும் உண்டு. அச்சு நூலில் கொலை நடந்த வீட்டின் ஒரு பகுதியைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. காதால் கேட்பவருக்கு அது கிடையாது. எந்தக் கதவு எந்த அறைக்குத் திறக்கிறது, ஒன்பதரைக்கு யார் எங்கே நின்றார் என்பதையெல்லாம் நினைவில் நிறுத்த, நான் ஒரு தாளில் கிறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தொடக்க அத்தியாயங்களில் செயலாளர், மேஜர், வீட்டு நிர்வாகி, பணிப்பெண், அக்ராய்டின் தம்பி மனைவி, அவருடைய மகள் என்று ஆள்கள் வரிசையாக வந்து இறங்குகிறார்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டால் இருவரையாவது தவறவிடுவோம். மாஜோங் என்னும் சீனக் கட்டை விளையாட்டு நடக்கும் அத்தியாயத்தில் ஆட்டச் சொற்களும் ஊர்வம்பும் பின்னிக்கொள்வதால், தோழி பொறுமையிழந்து அதைத் தாண்டிப் போய்விட்டார். அப்படிச் செய்யக் கூடாது. அந்தச் சலசலப்புக்கு நடுவே உதிரும் ஒரு செய்தி பின்னால் தேவைப்படும். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கும் பழக்கம் உள்ளவர்களும் இந்த நூலுக்காக அதைக் கைவிடலாம். வாசிப்பவர் எங்கே நிறுத்துகிறார் என்பதும் இங்கே கதையின் பகுதி.

இதை நான் உணர்ந்தது இரண்டாம் முறை கேட்டபோதுதான். முடிவு தெரிந்த பிறகு, முன்பு சாதாரணமாகக் கடந்துபோன வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வேறு முகம் காட்டின. எழுதியவர் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவும் செய்திருக்கிறார், நாம்தான் கவனிக்கவில்லை. அத்தகைய வாக்கியங்களை மற்றொரு வாசிப்பாளர் சற்று அழுத்திச் சொல்லி, கண் சிமிட்டியிருக்கக்கூடும். ஃபிரேசர் ஓரிடத்திலும் அதைச் செய்வதில்லை. தோழி மட்டும் இறுதி அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, இது துப்பறியும் கதையின் ஆட்டவிதியை மீறிய செயல் என்று ஒரு வாரம் கோபமாக இருந்தார். அது புத்தகம் வந்த நாளிலிருந்தே நடக்கும் சண்டை. 2013-இல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் எக்காலத்துக்கும் சிறந்த குற்ற நாவலாக இதைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்லியும் அவர் சமாதானமாகவில்லை.

ஜான் மோஃபட் புவாரோவாக நடித்த பிபிசி வானொலி நாடகத்தையும் இடையில் கேட்டேன். நடிப்பு உயர்தரம், ஆனால் பலர் பேசும் நாடகத்தில் ஒரே குரலின் பிடி தளர்ந்துவிடுகிறது, இந்தக் கதைக்கு அந்தப் பிடிதான் முக்கியம். 2022 முதல் அமெரிக்காவில் இந்நாவலின் காப்புரிமை முடிந்துவிட்டதால் வேறு பல வாசிப்புகளும் கிடைக்கின்றன. எதை வாங்குவதானாலும் முதல் அத்தியாயத்தின் மாதிரியைக் கேட்டுப் பாருங்கள். கரோலின் கேள்வி கேட்கத் தொடங்கும்போது உங்களுக்கு எரிச்சல் வந்தால் அந்தக் குரல் வேண்டாம்.

மாமா இப்போது 1947-இல் வந்த ‘ஹெர்குலிஸின் சாகசங்கள்’ என்ற கதைத் தொகுப்பில் இருக்கிறார். அதிலும் புவாரோ ஓய்வு பெற்று மேரோ பயிரிடத் திட்டமிடுகிறார், அதற்கு முன் பன்னிரண்டு வழக்குகளை மட்டும் முடித்துவிடுவதாகச் சொல்கிறார். அதை மாமா துளியும் நம்பவில்லை.