கணிச்சமா, ஜி.பி.எஸ்ஸா?

குமரி மாவட்டத்தில் குளச்சலிலோ முட்டத்திலோ கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவர்களிடம் கையடக்க ஜி.பி.எஸ் ஒன்று இருக்கும். அப்புறம் எதற்குப் பழைய கணிச்சம் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கணிச்சம்தான் அறிவு, மற்றதெல்லாம் வெறும் பொட்டி என்கிறார்கள் சில பெரியவர்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் முழுச் சம்மதம் இல்லை.

தெரியாதவர்களுக்காக: கடலடிப் பாறைத்திட்டுகளை இங்கே பார் என்போம். மீன் அங்கேதான் கூடும். தண்ணீருக்கு மேலிருந்து அதைக் கண்டுபிடிக்கும் வித்தைதான் கணிச்சம். கோயில் கோபுரமும் (எங்கள் கடற்கரையில் மாதா கோயிலும் கோயில்தான்) அதன் பின்னால் தெரியும் மலைமுகடும் ஒரே கோட்டில் வரும்வரை வள்ளத்தை நகர்த்த வேண்டும். வேறு பக்கத்தில் இன்னொரு சோடி, கலங்கரை விளக்கமும் ஒரு குன்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல் கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) ஆழம், அடியில் சேறா பாறையா என்று பார்த்தால் முடிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்குப் பக்கத்தில் வந்து முடிகிற மாவட்டம் என்பதால் நமக்கு இது வாய்த்தது. தட்டையான தஞ்சைக் கரையில் மலைக்கு எங்கே போவது?

துல்லியத்திலும் வேகத்திலும் ஜி.பி.எஸ்ஸை அடிக்க முடியாது. இருட்டிலும் மழையிலும் மலை மறைந்துவிடும், கருவிக்கு அந்தக் கவலை இல்லை. கோயிலை இடித்து வேறு இடத்தில் கோபுரம் எழுப்பினால் பாரும் சேர்ந்து நகர்ந்துவிடும் என்பது கடற்கரையில் பாதி வேடிக்கை, பாதி புலம்பல்.

ஆனால் கணிச்சம் பார்க்கிறவன் கரையை மட்டும் பார்ப்பதில்லை. நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று மேற்கிலிருந்து வரும் கச்சானா கிழக்கிலிருந்து வரும் கொண்டலா, தண்ணீர் தெளிவா கலக்கலா என்பதும் அதே பார்வையில் சேர்ந்துவிடும். ஜி.பி.எஸ் காட்டும் எண்களை மட்டும் நம்பிப் போகிறவன் இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவான், வலை போடும் நேரத்தில் தடுமாறுவான்.

இன்னொன்று ரகசியம். கணிச்சம் வள்ளத்தில் கூடப் போகிற பையனுக்குத்தான் கிடைக்கும். ஜி.பி.எஸ் எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், நாளைக்கே அவை விசைப்படகுக்காரன் கையில் இருக்கும். தூண்டிலுக்குத் தாங்குகிற பார் விசைப்படகு இழுக்கும் இழுவைமடி வலைக்குத் தாங்காது. சரி, ரகசியத்தையும் ரொம்பப் புகழ வேண்டாம். சொல்லாமலே செத்துப்போனவர்களோடு போய்ச் சேர்ந்த பார்களும் உண்டு.

கரை கண்ணுக்குத் தெரிகிறவரைதான் இந்தப் பேச்செல்லாம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கின்றன. அங்கே மலையும் இல்லை கோபுரமும் இல்லை, கணிச்சம் செல்லாக்காசு. அதற்காக ஜி.பி.எஸ் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கடலைக் கலக்கியபோது ஆழ்கடல் படகுகளில் ஜி.பி.எஸ் இருந்தது. நீ எங்கே நிற்கிறாய் என்றுதான் அது சொல்லும், புயல் வருகிறது என்று சொல்லாது. கரையிலிருந்து அந்தத் தூரத்துக்குச் செய்தி எட்டவில்லை. போன உயிர்களுக்குக் கணிச்சத்தையோ கருவியையோ குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆழ்கடலுக்கு வேண்டியது கரையோடு இரண்டு பக்கமும் பேசுகிற சாதனம்.

ஆக, என் கணக்கில் ஆழ்கடலுக்கு ஜி.பி.எஸ், கூடவே செய்திக் கருவி. கரைக்கடலில் கணிச்சம் தெரிந்தவன் கையில் ஜி.பி.எஸ். கான்கிரீட்டில் செயற்கைப் பார் செய்து கடலில் இறக்குகிற அரசுத் திட்டங்களுக்கும் இதையே சொல்வேன். கல்லும் மரமும் போட்டு மீன் சேர்த்த பழக்கம் நம் கரையில் முன்பே உண்டு. எங்கே போட்டால் சேறு மூடாது, எங்கே மடி சிக்கும் என்பதைத் தூண்டில்காரரிடம் கேட்டுவிட்டு இறக்கினால் போதும்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தமக்குத் தெரிந்த பார்களை மகனின் ஜி.பி.எஸ்ஸில் ஏற்றச் சம்மதித்துவிட்டார். கல் இறக்கி, பாகம் சொல்லி, ஒவ்வொன்றாக அவரே காட்டினார். ஒரு பாருக்கு மட்டும் போகும்போது கருவியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்கிறாராம்.