ஒரு டைப்-சி, ஏழு போர்ட்டுகள்: ஆறு மாதம் பயன்படுத்திய ஹப்பைப் பற்றி

என் புதிய மடிக்கணினியில் இரண்டு டைப்-சி போர்ட்டுகளும் ஹெட்போன் துளையும் தவிர வேறொன்றும் இல்லாததால், எதை இணைப்பதற்கும் ஒரு ஹப் தேவைப்பட்டது. எச்.டி.எம்.ஐ. ஒன்று, யூ.எஸ்.பி. மூன்று, நெட்வொர்க் கேபிளுக்கு ஒன்று, மெமரி கார்டுக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒரு டைப்-சி என ஏழு போர்ட்டுகள் கொண்ட ஒன்றை வாங்கி, ஆறு மாதமாகத் தினமும் பயன்படுத்தி வருகிறேன்.

மூன்று யூ.எஸ்.பி. போர்ட்டுகளில் அடுத்தடுத்துள்ள இரண்டின் உள்நாக்கு நீலம். எதிர்ப்பக்கத்தில் உள்ளது கறுப்பு. நீலத்தின் உச்ச வேகம் நொடிக்கு 5 ஜிகாபிட், கறுப்புக்கு 480 மெகாபிட். ஹப்பில் செருகிய எஸ்.எஸ்.டி. என்னும் வேகமான சேமிப்புக் கருவியில் இருந்த 10 ஜி.பி. வீடியோக்களை நகலெடுக்க நீலத்தில் அரை நிமிடம் போதுமானதாக இருந்தது. கறுப்பில் ஐந்து நிமிடம் ஆயிற்று. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் ஆகியவற்றுக்குக் கறுப்பே தாராளம். வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை எஸ்.எஸ்.டி.க்குப் பக்கத்து நீலத்தில் செருகியிருந்தபோது, நகலெடுக்கும் நேரமெல்லாம் சுட்டி திக்கித் திக்கி நகர்ந்தது. 5 ஜிகாபிட் இணைப்பு எழுப்பும் மின்னிரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுவதே இதற்குக் காரணம். ரிசீவரைக் கறுப்புக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

என்னை ஏமாற்றியது எச்.டி.எம்.ஐ. போர்ட்தான். பெட்டியின் முகப்பில் பெரிதாக '4கே' என்றிருந்தது; '30 ஹெர்ட்ஸ்', அதாவது படம் நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும் என்பதோ பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது. 4கே மானிட்டரை இணைத்து ஒரு சாளரத்தை இழுத்தால், அது வழுக்கிச் செல்லாமல் தாவித் தாவிச் செல்கிறது. ஒரு மணி நேரம் எழுதினாலே கண் சோர்ந்துவிடுகிறது. டைப்-சியில் தரவு செல்லும் அதிவேகத் தடங்கள் நான்கு இருக்கின்றன. யூ.எஸ்.பி.யின் 5 ஜிகாபிட் வேகத்துக்கு ஹப் அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்வதால், படத்துக்கு மிஞ்சுவது இரண்டே. படத்தைத் திரைக்கு அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் முறையின் 1.2 தரத்தில் இயங்கும் ஹப்புகளில் அந்த இரண்டு தடங்களுக்குள் 4கே படம் 60 ஹெர்ட்ஸில் அடங்காது, 1.4 தரத்தில் அடங்கும். மடிக்கணினியிலிருந்து டைப்-சி – டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை நேரடியாக மானிட்டருக்குக் கொடுத்தபோது 60 ஹெர்ட்ஸ் உடனே கிடைத்தது. ஃபுல் எச்.டி. மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. ஆனால் எல்லா மடிக்கணினிகளின் டைப்-சியும் படத்தை அனுப்புவதில்லை என்பதால், போர்ட்டின் அருகே டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட் என்னும் அதிவேக இணைப்பின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

நெட்வொர்க் போர்ட்டில் குறையே இல்லை. வைஃபை தடுமாறும் அறையில் காணொலிக் கூட்டங்கள் இப்போது அறுபடுவதில்லை. சார்ஜர் விஷயத்தில், ஹப் தன் தேவைக்குச் சில வாட்டுகளை எடுத்துக்கொண்டு மீதியையே மடிக்கணினிக்குத் தருகிறது என்பதால், 65 வாட் கேட்கும் கணினிக்கு அதைவிடக் கூடுதல் திறனுள்ள சார்ஜர் வேண்டும்.

அலுவலக வேலைக்கும் ஃபுல் எச்.டி. திரைக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 4கே திரை உள்ளவர்கள், பெட்டியில் 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகக் குறிப்பிட்ட ஹப்பையே வாங்க வேண்டும். கழற்ற முடியாதபடி ஹப்போடு பொருத்தப்பட்ட சாண் நீளக் கேபிள், அடிப்பகுதியில் இப்போதே சற்று மடிந்திருப்பதுதான் எனக்கு எஞ்சியிருக்கும் கவலை.