அம்மாபேட்டை மாடி அறையில் நான்கு வருடம்: கெஃப் க்யூ550 டவர் ஸ்பீக்கர்

அறையின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளம் 14 அடி, அகலம் 9 அடி, உயரமும் 9 அடி. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடி. பக்கத்து வீட்டிலும் பின்வீட்டிலும் விசைத்தறி ஓடுகிறது. கேட்பவர்கள் இரண்டு பேர்: நடுவில் நாற்காலி போட்டு நான், ஓரமாகச் சுவரை ஒட்டிச் சாய்வு நாற்காலியில் அப்பா. அந்தச் சாய்வு நாற்காலிதான் எனக்கு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

அப்பா 30 வருடத்துக்கு மேல் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காலம் கழித்தவர்களின் காதில் முதலில் தேய்வது 4,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) சுற்றியுள்ள பகுதி. அப்பாவின் காதுப் பரிசோதனைத் தாளிலும் கோடு அந்த இடத்தில்தான் பள்ளத்தில் இறங்கியிருந்தது. உயிரெழுத்தின் கனம் கீழ்ப்பகுதியில் இருப்பதால் அது அவருக்கு நன்றாகவே கேட்கும். ச, ஸ, த, ட இவற்றின் கூர்மை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் வார்த்தை மழுங்கிவிடும். "பாட்டு கேக்குது கண்ணு, என்ன வார்த்தைன்னுதான் புரியல" என்பார். பழைய ஸ்பீக்கரை மாற்ற வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

2021-இல் அப்பாவையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். முதலில் ஏறிய கடையில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஒவ்வொரு சத்த அளவில் வைத்துக் காட்டினார்கள். விலை கூடிய ஜோடிக்கு வரும்போது கை தானாகவே வால்யூமை ஏற்றியது. ஒரு டெசிபல் கூடினால்கூட நம் காது அதை "சத்தம் கூடியிருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளாது, "நன்றாக இருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு, மொபைலில் ஒலி அளக்கும் செயலியை வைத்து மூன்று ஜோடிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் இதைக் கூச்சப்படாமல் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்புறம் அப்பாவை ஓரமாக, தாழ்வான நாற்காலியில் உட்கார வைத்தேன். அவருக்குப் பழக்கமில்லாத ஒரு பாட்டைப் போட்டு, காதில் விழும் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். முதல் ஜோடியில் பாதிதான் பிடித்தார். இரண்டாவது ஜோடிக்கு வேறு பாட்டு. அதில் முக்கால்வாசி வந்துவிட்டது. ஆனால் அதன் மேல்சுரம் ரொம்பப் பளீரென்று இருந்தது. நாதஸ்வரம் போட்டு அரைமணி நேரம் கேட்டதும் எனக்குக் காது கூசியது. மூன்றாவதுதான் கெஃப் க்யூ550. அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு வார்த்தைகளைப் பிடித்தார், எனக்குக் காது களைக்கவில்லை. திரும்பும் வழியில் சங்ககிரி தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டோம்.

ஏன் அப்படி என்று பிறகு படித்துத்தான் புரிந்தது. வழக்கமான டவரில் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) மேல்சுர ஒலியைத் தரும் ட்வீட்டர் மேலே இருக்கும், கீழ்ச்சுர ஒலியைத் தரும் வூஃபர் கீழே இருக்கும். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் சுரப்பகுதியில், காதின் உயரம் மாறினால் இரண்டிலிருந்தும் வரும் ஒலி ஒன்றையொன்று கொஞ்சம் வெட்டிக்கொள்ளும். வார்த்தையின் தெளிவு இருப்பதும் ஏறக்குறைய அந்தப் பகுதியில்தான். நேராக நிமிர்ந்து உட்கார்ந்தால் தெரியாது, சாய்வு நாற்காலியில் சரிந்தால் தெரியும். கெஃப் நிறுவனம் 1961-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ரேமண்ட் குக் தொடங்கியது. 1988-இல் அவர்கள் கொண்டுவந்த யூனி-க்யூ அமைப்பில் ட்வீட்டர், பெரிய கோனின் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பின்) நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். சின்னதாக இருந்தும் வலுவான நியோடிமியம் காந்தம் வந்த பிறகுதான் அவ்வளவு சின்ன இடத்தில் ட்வீட்டரை அடக்க முடிந்தது. ஒரே புள்ளியிலிருந்து ஒலி கிளம்புவதால் சரிந்து உட்கார்ந்தாலும் ஓரமாக உட்கார்ந்தாலும் குரல் அதே குரலாக இருக்கிறது. ட்வீட்டருக்கு முன்னால் ஆரஞ்சுச் சுளை போலத் தடுப்புகள் உண்டு. அக்கா பையன் விரல் வைத்துப் பார்த்தபோது ட்வீட்டரைக் காப்பாற்றியது அவைதான்.

இன்னொரு வசதியும் உண்டு. இதில் பின்பக்கம் காற்றுத் துளை கிடையாது. அதற்குப் பதிலாக முன்பக்கமே, மின்சாரம் செல்லாத இரண்டு கோன்கள் பெட்டியின் உள்காற்றோடு சேர்ந்து அசைந்து பாஸை, அதாவது கனமான கீழ்ச்சுர ஒலியை, கொடுக்கின்றன. சுவருக்குக் கொஞ்சம் நெருக்கமாக வைத்தாலும் தாங்குகிறது. எங்கள் பழைய ஸ்பீக்கரின் துளைக்குள் பல்லி குடியேறி, ஒருநாள் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை விட்டது.

பெட்டி வந்து இறங்கியபோது ஒன்றின் மூலை நசுங்கியிருந்தது. சரக்கு ஏற்றி இறக்கியதில் நடந்தது, கேபினெட்டில் ஒரு கீறலோடு போயிற்று. கேபிளுக்கு அதிகம் யோசிக்காதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரண தாமிர ஒயர் 12 அடிக்குத் தாராளம். ஆம்ப்ளிஃபையரும் 60 வாட்தான். இந்த ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எழுப்பும் சத்தம் 87 டெசிபல், நான் உட்காருவது 9 அடி தூரத்தில். சாதாரணமாகக் கேட்க ஒரு வாட்கூடத் தேவைப்படாது, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும்போதுதான் மற்ற வாட்டெல்லாம்.

முதல் இரண்டு மாதம் எனக்கு நிம்மதி இல்லை. வார்த்தை தெளிவாக இருந்தது, ஆனால் மிருதங்கம் கெட்டுப்போனது. ஒரு கட்டை சுருதியில் பாடும் வித்வானுக்கு ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ', சுமார் 131 ஹெர்ட்ஸ். ரவைப் பசை வைத்த தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தின்) நாதம் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 65 பக்கம் வரும். அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து கேட்டால் தொப்பியில் விழும் ஒவ்வொரு அடியும் ஒரே சுரத்தில் "கும்"மென்று வீங்கியது. உள்ளங்கையைத் தேய்த்து எழுப்பும் கும்கியின் வளைவு சுத்தமாகக் காணவில்லை. நடு நாற்காலியில் அந்த வீக்கம் குறைவு. ஸ்பீக்கரைத்தான் சந்தேகித்தேன், ஆம்ப்ளிஃபையரைக்கூட மாற்றலாமா என்று யோசித்தேன்.

கணக்குப் போட்டதும் விஷயம் வெளியே வந்தது. 9 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 63 ஹெர்ட்ஸ் ஒலி நின்று அதிரும். அகலமும் 9, உயரமும் 9 என்பதால் இரண்டு அதிர்வும் ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. தொப்பியின் நாதம் வருவதும் கிட்டத்தட்ட அங்கேதான். அதிலும் சுவர் ஓரத்தில் அழுத்தம் உச்சம், அப்பாவின் நாற்காலி இருப்பதோ சுவர் ஓரம்.

பவானி ஜமுக்காளத்தைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். கை தட்டினால் வரும் எதிரொலி போயிற்று, "கும்" போகவில்லை. 63 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 18 அடி, அதற்கு ஒரு துணி எம்மாத்திரம்? பரணில் கிடந்த நான்கு பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி, இறுக்கிச் சுருட்டி, மூலைக்கு இரண்டாகப் பின்மூலைகளில் நிறுத்தினேன். நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டு அடி உள்ளே இழுத்தேன். ஸ்பீக்கரையும் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் கொண்டுவந்தேன். வீக்கம் முழுதாகப் போகவில்லை, ஆனால் கும்கி திரும்பி வந்துவிட்டது. பெரிய வூஃபர் வைத்த டவரை வாங்கியிருந்தால் இந்த அறையில் இன்னும் திண்டாடியிருப்பேன். இதன் கோன்கள் 13 சென்டிமீட்டர்தான். அடிவயிற்றில் இடிக்கும் சினிமா பாஸ் வேண்டுமென்றால் இது போதாது. பாட்டும் கச்சேரியும் கேட்பவர்களுக்கு, 9 அடி அகல அறையில், இது அளவான பாஸ்.

2024-இல் இந்த வரிசைக்குப் பதிலாகக் க்யூ7 மெட்டா, க்யூ11 மெட்டா என்று புது டவர்கள் வந்துவிட்டன. நான் மாற்றப் போவதில்லை. நான்கு வருடத்தில் ஒரு கோனிலும் கரகரப்பு வரவில்லை, ஏப்ரல், மே வெயிலில் கொதிக்கும் மாடி அறையிலும்.

இந்த ஸ்பீக்கரால் எவ்வளவு முடியும் என்பதை நான் முழுதாகக் கேட்டது ஒரே ஒரு நாள். பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தியது. சுற்றிலும் தறி அடங்கியது. ஆம்ப்ளிஃபையரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, வழக்கமாகக் கேட்கும் ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்னால் தம்புரா மட்டும் தனியாக ஓடும் சில விநாடிகள் அதில் உண்டு. நான்கு தந்தியும் தனித்தனியாக விழுந்து, ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் படர்ந்தது. இத்தனை வருடமும் அந்த இடத்தில் தறிச் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

அப்பா கண்ணைத் திறக்காமலே, "இது முன்னாடியே இதுல இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுப்பா."

மதியச் சாப்பாட்டுக்கு அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் நாங்கள் இறங்கவில்லை. மாலை 4 மணி போல மின்சாரம் வந்தது, பின்வீட்டுத் தறி ஓடத் தொடங்கியது. அப்பா எழுந்து போய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.