கான்டூர் மேப் போடக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் மானாவாரி நிலம். பண்ணைக்குட்டை வெட்ட வேண்டும், எந்த மூலையில் வெட்டினால் மழைத்தண்ணீர் தானாக வந்து சேரும் என்று தெரிய வேண்டும், அதற்காக ஒரு தனியார் சர்வேயரிடம் கான்டூர் மேப் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைக் கோட்டால் இணைத்து மேடு பள்ளத்தைக் காட்டும் வரைபடம்) போடக் கொடுத்தேன். 14,000 ரூபாய். இரண்டு பேர் வந்து கருவியை நிறுத்தி, நாலு மூலைக் கல்லையும் அளந்துவிட்டு முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். நாலு நாளில் மேப் வந்தது. அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு, கலர் கலராக, பார்க்க அவ்வளவு நேர்த்தி.

அதில் பக்கத்துக்காரரின் தென்னந்தோப்பை ஒட்டிய கிழக்குப் பகுதி மேடு, மேற்கு பள்ளம். அப்பா பார்த்ததுமே "தண்ணி தோப்புப் பக்கம்தானேப்பா ஓடும்" என்றார். கருவி வைத்து அளந்திருக்கிறார்கள் என்று சொல்லி நான்தான் அவர் வாயை அடைத்தேன். மேற்கு மூலையில் 100க்கு 100 அடி, 5 அடி ஆழத்தில் வெட்டினோம், ஜேசிபி வாடகை மட்டும் 34,000. ஐப்பசியில் நல்ல மழை. குட்டைக்குள் நேராக விழுந்ததைத் தவிர எதுவும் வந்து சேரவில்லை, மொத்தத் தண்ணீரும் மேல்மண்ணை அரித்துக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டது.

அப்புறம் தெரிந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தார். தோப்போரம் மேற்கைவிட ஒரு மீட்டருக்கு மேல் தாழ்வு! 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் உயரம் அளந்து ஒரு புள்ளி எடுத்தாலே 4 ஏக்கருக்கு 160 புள்ளி வரும், முக்கால் மணி நேரத்தில் எப்படி எடுத்தார்கள் என்று கேட்டார். போனில் விடாமல் கேட்டபோதுதான் மேப் போட்டுக் கொடுத்த ஆள் "சாட்டிலைட் டேட்டா சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று ஒத்துக்கொண்டார். பணம் திரும்ப வரவில்லை.

அந்த டேட்டா 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்தது, இலவசமாகக் கிடைக்கிறது. மலை, ஆற்றுப்படுகை மாதிரி பெரிய பரப்புக்கு அது நல்ல டேட்டாதான். ஆனால் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஒரு உயரம், அதாவது என் 4 ஏக்கருக்கு மொத்தம் 18 எண்! அதை வைத்துத்தான் அரை மீட்டர் கோடு இழுத்திருக்கிறார்கள். மரம் அடர்ந்த இடத்தில் ரேடார் முழுசாகத் தரையைத் தொடாது, அதனால்தான் அந்தப் பழைய தோப்பு எனக்கு மேடாகக் காட்டியிருக்கிறது.

தயவுசெய்து முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் புள்ளிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் குறியை பெஞ்ச்மார்க்காக (மற்ற உயரங்களை ஒப்பிட்டு அளக்கும் நிலையான குறி) வைத்தார்கள் என்று நிலத்தில் நின்று காட்டச் சொல்லுங்கள், கடைசியில் அதே குறிக்குத் திரும்பி வந்து எடுத்த ரீடிங்கையும் கேளுங்கள், அளந்தது சரிதானா என்று அதில் தெரிந்துவிடும். மேப்பில் உங்கள் வரப்பும் கிணற்று மேடும் தெரிகிறதா என்று பாருங்கள். என் மேப்பில் நாலு அடி ஆழ ஓடையே இல்லை, அதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.