மொரீஷியஸ்–ரெயூனியன் விமானப் பயணம்: 230 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

மொரீஷியஸின் சர் சிவசாகர் ராம்கூலம் விமான நிலையத்துக்கும் ரெயூனியனின் ரோலான் காரோஸ் விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஏர் மொரீஷியஸும் ஏர் ஆஸ்ட்ரலும் இவ்வழியில் சேவை நடத்துகின்றன. கால அட்டவணையில் பயண நேரம் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்தையொட்டியே இருக்கும். இரு தீவுகளுக்கும் ஒரே நேரக் கணக்கு என்பதால், புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து அப்படியே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வழியில் அதிகம் பறக்கும் ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. அந்தக் கணக்கில் அரை மணி நேரம்கூட ஆகக் கூடாதே என்று தோன்றும். ஆனால் அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு நிலையத்தில் போய் நிற்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், கீழிறங்குவதும் அதில் அடக்கம். ஜெட் விமானத்தில் ஏறினாலும் பெரிதாக எதுவும் மிச்சமாகாது, ஏனெனில் அது முழு வேகத்தை எட்டிச் சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது.

என்னைக் கேட்டால் ஏடிஆரையே தேர்ந்தெடுப்பேன். பின்பக்கக் கதவு வழியாக ஏறவேண்டும். வரிசைக்கு இரண்டிரண்டு இருக்கைகள் என்பதால் நடு இருக்கை என்ற தொல்லையே கிடையாது. இறக்கை சாளரங்களுக்கு மேலே அமைந்திருப்பதால் கடலும் மலையும் மறைவதில்லை. தலைக்கு மேலுள்ள பெட்டித்தட்டு மட்டும் சிறியது. சக்கரம் வைத்த பெட்டியை அதற்குள் திணிக்கப் பலர் படும் பாட்டைப் பார்த்தாலே, தோள்பையோடு போவது நல்லது என்பது விளங்கும்.

நேரத்தை உண்மையில் விழுங்குவது தரைப் பயணமே. போர்ட் லூயிஸிலிருந்து விமான நிலையம் 45 கிலோமீட்டர் தொலைவில் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. மெட்ரோவும் அங்கே செல்வதில்லை. தூரம் குறைவானாலும் இது வெளிநாட்டுப் பயணம் ஆதலால், கடவுச்சீட்டுச் சோதனைக்கும் சுங்கத்துக்கும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிட்டால் அரை நாள் ஒதுக்குவதே நியாயம்.

ரெயூனியனில் எங்கே போகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். ரோலான் காரோஸ், தீவின் வடக்கே சேன் மரியில் இருக்கிறது. கொலோஸ் கோயில் உள்ள சேன் ஆந்த்ரேவுக்குச் செல்வோருக்கு இந்நிலையம் மிக வசதியானது. தெற்கே சேன் பியேரில் உறவினர் இருப்போர் அங்கிருந்து மேலும் 80 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் செல்ல வேண்டியிருக்கும். சேன் பியேருக்கு அருகிலேயே பியேர்ஃபோன் விமான நிலையம் இருக்கிறது. மொரீஷியஸிலிருந்து அதன் தொலைவு சுமார் 255 கிலோமீட்டர். வான்வழியில் கூடும் அந்த 25 கிலோமீட்டர் சில நிமிடங்களே. தரையில் மிச்சமாவதோ ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஆகவே அங்கே இறங்கும் சேவை உங்கள் தேதியில் உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

தைப்பூசக் காவடிக்காகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பூசம் வருவது புயல் பருவத்தின் நடுவில். புயல் எச்சரிக்கை உச்சத்தை எட்டினால் விமான நிலையங்கள் மூடப்படும் என்பதால், முதல் நாள் மாலை விமானத்தை நம்பியிராமல் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பயணச்சீட்டு எடுப்பது நல்லது.